1950: எந்த லீக் வென்றது?

அமெரிக்கக் கால்பந்தின் 1950ஆம் ஆண்டுப் பருவத்தைப் பற்றி ஒரு வாசகர் எழுப்பிய வாதம்:

"1950 செப்டம்பர் 16 அன்று கிளீவ்லாந்து பிரவுன்ஸ் பிலடெல்ஃபியா ஈகிள்ஸை 35–10 என்று வீழ்த்திய ஒரே இரவில், ஏ.ஏ.எஃப்.சி. என்ற புதிய லீக், என்.எஃப்.எல். என்ற பழைய லீக்கைவிட வலுவானது என்பது முடிவாகிவிட்டது. அதற்குப் பிந்தைய மூன்று மாதங்கள் வெறும் சடங்கு. யாராவது மறுக்க முடியுமா?"

ஜனவரி 11, இரவு

மறுக்கலாம். ஆனால் அதற்கு முன் அந்த இரவுக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிட வேண்டும். சிகாகோ டிரிபியூன் நாளிதழின் விளையாட்டு ஆசிரியர் ஆர்ச் வார்டு முன்னின்று உருவாக்கிய ஏ.ஏ.எஃப்.சி. 1946 முதல் 1949 வரை நான்கு பருவங்கள் நடந்தது; நான்கிலும் பட்டம் பிரவுன்ஸுக்கே போயிற்று. இறுதி ஆட்டங்களைச் சேர்க்காமல் 47 வெற்றி, 4 தோல்வி, 3 சமன். 1948இல் அவர்கள் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. இரண்டு லீக்குகளும் ஒரே வீரர்களுக்காகப் போட்டியிட்டுச் சம்பளத்தை ஏற்றிக்கொண்டே போனதில் இரு தரப்பின் கல்லாவும் வற்றியது. 1949 டிசம்பர் 9 அன்று இணைப்பு அறிவிக்கப்பட்டபோது, ஏ.ஏ.எஃப்.சி.யின் கடைசி இறுதி ஆட்டத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. கிளீவ்லாந்து, சான் பிரான்சிஸ்கோ, பால்டிமோர் ஆகிய மூன்று அணிகளுக்கு மட்டும் கதவு திறந்தது.

என்.எஃப்.எல். ஆணையர் பெர்ட் பெல் வியாபாரம் தெரிந்தவர். 1948, 1949 இரண்டு ஆண்டுகளிலும் பட்டம் வென்ற ஈகிள்ஸையும், மறைந்த லீக்கின் நிரந்தரச் சாம்பியனையும், மற்ற அணிகள் களமிறங்குவதற்கு முந்தைய நாளான சனிக்கிழமை இரவில் தனியாக மோதவிட்டார். (ஈகிள்ஸ் அணியை 1933இல் தொடங்கியவர்களில் பெல்லும் ஒருவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த ஏற்பாட்டைப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும்.) ஈகிள்ஸ் வழக்கமாக ஆடிய ஷைப் பார்க் போதாதென்று ஆட்டம் பிலடெல்ஃபியா முனிசிபல் ஸ்டேடியத்துக்கு மாற்றப்பட்டது, 71,237 பேர் வந்தார்கள். பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் ஆளான பிரவுன்ஸின் குவார்ட்டர்பேக் ஆட்டோ கிரகாம் 346 யார்டு தூரத்துக்குப் பந்தை எறிந்து சேர்த்தார்.

இவ்வளவும் உண்மை. ஆனால் மீதிப் பருவம் சடங்கு என்றால், அடுத்த ஆட்டத்தை வென்ற கையோடு அக்டோபர் 1 அன்று சொந்த மைதானத்தில் நியூயார்க் ஜயண்ட்ஸிடம் 6–0 என்று பிரவுன்ஸ் தோற்றதை எந்தச் சடங்கில் சேர்ப்பது? தங்கள் வரலாற்றிலேயே ஒரு புள்ளிகூட எடுக்காமல் அவர்கள் திரும்பிய முதல் ஆட்டம் அது.

ஜனவரி 12, காலை

இரவு எழுதியதில் ஒரு கூட்டல். ஈகிள்ஸின் பிரதான ஓட்டக்காரர் ஸ்டீவ் வான் பியூரன் அன்று காயத்தால் ஆடவில்லை. அதற்கு முந்தைய மூன்று பருவங்களிலும் லீக்கிலேயே அதிக யார்டு ஓடியவர் அவர்தான். அதோடு, சாம்பியன் என்ற பட்டத்துடன் இறங்கிய அதே ஈகிள்ஸ் அந்தப் பருவத்தை முடித்தபோது 6 வெற்றி, 6 தோல்வி என்ற நிலையில் இருந்தது. பருவம் முடிந்ததும் பயிற்சியாளர் கிரீஸி நீலும் வேலையிழந்தார். ஒரு லீக்கின் வலிமைக்கு உரைகல்லாக நாம் எடுத்துக்கொண்ட அணி, அந்தப் பருவத்தில் பாதிக்குப் பாதி தோற்ற அணி. பிரவுன்ஸ் இல்லாமலிருந்தாலும் அந்த ஆண்டு ஈகிள்ஸ் சரிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜனவரி 12, மாலை

"அப்படியானால் 35–10 என்பது குருட்டு அதிர்ஷ்டமா?" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லவே இல்லை. அது வகுப்பறையில் தயாரான வெற்றி. ஆட்டக்காரர்களுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்து, பாடம் நடத்தி, எழுத்துத் தேர்வு வைத்து, படச்சுருளை ஓட்டி ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போட்ட பயிற்சியாளர் பால் பிரவுன், ஒவ்வொரு நகர்வுக்கான திட்டத்தையும், கார்டு எனப்படும் முன்வரிசை ஆட்டக்காரர்கள் இருவரை மாற்றி மாற்றி அனுப்பி, அவர்கள் வாய்மொழியாகக் கிரகாமுக்குச் சொல்லவைத்தார். வேண்டிய போது வேண்டிய ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்ற விதி 1950இல்தான் என்.எஃப்.எல்.லில் நிரந்தரமானது, அந்த விதி பிரவுனுக்காகவே எழுதப்பட்டதுபோல அமைந்துவிட்டது.

அன்றைய ஆட்டத்தில் நான் மிகவும் ரசிப்பது ஒரு சின்னத் தந்திரத்தை. பிரவுன்ஸின் முன்வரிசை ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் இடையே விட்டிருந்த இடைவெளியை, கண்ணுக்குத் தெரியாதபடி, நகர்வுக்கு நகர்வு சிறிது சிறிதாக அகலப்படுத்திக்கொண்டே போனார்கள். எதிரே நின்ற ஈகிள்ஸ் தற்காப்பு வரிசையும் அவரவர் ஆளுக்கு நேராக நிற்கும் பழக்கத்தில் அகன்றுகொண்டே போயிற்று. கடைசியில் நடுவில் ஒரு சந்து திறந்தபோது மேரியன் மாட்லி அதன் வழியாகப் பந்துடன் புகுந்தார். பாஸ், அதாவது பந்தை எறிந்து சேர்க்கும் விஷயத்திலும் இதே பொறுமைதான். டப் ஜோன்ஸ் முதலில் சில முறை குறுகிய தூரம் ஓடி ஓரமாகத் திரும்பினார். காவலுக்கு நின்றவர் அந்தத் திருப்பத்தை எதிர்பார்க்கப் பழகியதும், திரும்புவதுபோல் ஏமாற்றி நேராக ஓடினார். விளைவு 59 யார்டு டச்டவுன் (எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்ப்பது, ஆறு புள்ளி). அதுதான் அன்று பிரவுன்ஸின் முதல் டச்டவுன்.

ஜனவரி 13

கூடைப்பந்துக் கதையைக் கேட்டவருக்கு: பிரவுன் கூடைப்பந்துப் பயிற்சியாளராகப் போகலாம், பந்தைக் காற்றில் எறிவதைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியவில்லை என்று நீல் ஏளனம் செய்ததாகச் சொல்வார்கள். டிசம்பர் 3 அன்று மறுபடியும் மோதியபோது பிரவுன்ஸ் கணக்கில் ஏறிய ஒரு பாஸ்கூட எறியாமல் 13–7 என்று வென்றது. இதில் இன்னொரு வேடிக்கை உண்டு: ஆட்டோ கிரகாம் உண்மையிலேயே தொழில்முறைக் கூடைப்பந்து ஆடியவர், 1945–46இல் பட்டம் வென்ற ரோச்செஸ்டர் ராயல்ஸ் அணியில் இருந்தார்.

ஜனவரி 15, நள்ளிரவு தாண்டி

இப்போது என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். அந்தப் பருவத்தில் பிரவுன்ஸ் 10 வெற்றி, 2 தோல்வி. இரண்டு தோல்வியும் ஜயண்ட்ஸிடம்: கிளீவ்லாந்தில் 6–0, அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில் 17–13. இதை "பழைய லீக் விழித்துக்கொண்டு பதிலடி கொடுத்தது" என்றே பலரும் எழுதுகிறார்கள். ஜயண்ட்ஸின் பயிற்சியாளர் ஸ்டீவ் ஓவன் பழைய லீக்கின் பழைய மனிதர்தான். பிரவுன்ஸின் பாஸ்களைத் தடுத்த குடை வியூகமும் அவருடையதே. முன்வரிசையில் ஆறு பேர், அவர்களுக்குப் பின்னால் ஒருவர், அதற்கும் பின்னால் நால்வர். பந்து நகர்ந்ததும் முன்வரிசையின் இரு முனையாட்களும் பின்வாங்கி, பாஸைத் தடுக்கும் கூட்டத்தில் சேர்ந்துகொள்வார்கள். முதல் ஆட்டத்தின் முதல் பாதியில் கிரகாமின் ஒரு பாஸ்கூட எவர் கையிலும் சேரவில்லை.

ஆனால் அந்தக் குடையைப் பிடித்தவர்கள் யார் என்று பாருங்கள். டாம் லாண்ட்ரி, ஹார்மன் ரோ, ஆட்டோ ஷ்னெல்பாக்கர், முன்வரிசையில் ஆர்னி வைன்மைஸ்டர். இவர்கள் நால்வரும் 1949 வரை ஏ.ஏ.எஃப்.சி.யின் நியூயார்க் யாங்கீஸ் அணியில் இருந்தவர்கள். லீக் கலைந்தபோது அந்த அணியின் ஆட்களைப் பங்கு பிரித்ததில் ஜயண்ட்ஸுக்கு வந்து சேர்ந்தவர்கள். பிரவுன்ஸின் ஆட்டத்தை நேருக்கு நேர் நின்று பார்த்தவர்கள். பிரவுன்ஸின் மேக் ஸ்பீடி 1949இல் யாங்கீஸுக்கு எதிராகப் பந்தைப் பிடித்துப் பிடித்தே 200 யார்டுக்கு மேல் சேர்த்த நாளில், அவரைத் துரத்தி ஓய்ந்தவர்களில் லாண்ட்ரியும் ஒருவர். பழைய லீக்கின் மூளையும் புதிய லீக்கின் அனுபவமும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துதான் பிரவுன்ஸை நிறுத்தின. அதனால் "எந்த லீக் வலுவானது" என்ற கேள்வியே அக்டோபர் மாதத்தில் செத்துவிட்டது என்பது என் கருத்து.

ஜனவரி 16

சான் பிரான்சிஸ்கோவை நான் ஏன் பேசவில்லை என்று கேட்டவரின் கேள்வி கூர்மையானது, அதனால் இன்று காலை முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஃபார்ட்டிநைனர்ஸ் புதிய லீக்கில் இரண்டாம் இடத்துக்கு உரிய அணி. 1949இல் பிரவுன்ஸையே ஒரு முறை 56–28 என்று உலுக்கியவர்கள். அந்த ஆண்டு இறுதி ஆட்டம்வரை வந்து 21–7 என்று தோற்றவர்கள். 1950இல் என்.எஃப்.எல்.லில் அவர்களுக்குக் கிடைத்தது 3 வெற்றி, 9 தோல்வி. பால்டிமோர் கோல்ட்ஸ் 1 வெற்றி, 11 தோல்வி. இந்த இரண்டையும் பார்த்தால், கலவை என்று நான் நேற்று சொன்னதைவிடப் பழைய லீக்குக்குச் சற்றுக் கூடுதல் மதிப்பெண் போட வேண்டியிருக்கிறது.

கோல்ட்ஸை மட்டும் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள். ஏ.ஏ.எஃப்.சி.யின் கடைசிப் பருவத்திலும் அவர்களுடைய கணக்கு அதே 1–11தான். அவர்கள் எங்கே ஆடினாலும் அதைத்தான் எடுத்திருப்பார்கள்.

ஜனவரி 16, இரவு

சிரிப்பதற்கு ஒன்று. பிரவுன்ஸ்–ஈகிள்ஸ் ஆட்டம் முடிந்து எட்டு நாள் கழித்து, அதே ஈகிள்ஸ் சிகாகோ கார்டினல்ஸைச் சந்தித்தது. கார்டினல்ஸின் குவார்ட்டர்பேக் ஜிம் ஹார்டி அன்று எறிந்த பாஸ்களில் எட்டை எதிரணியினர் இடைமறித்துப் பிடித்தார்கள். ஒரே ஆட்டத்தில் எட்டு. இன்றுவரை யாரும் அதைத் தாண்டவில்லை. அடுத்த ஆட்டத்திலேயே கோல்ட்ஸுக்கு எதிராக அவர் ஆறு டச்டவுன் பாஸ் எறிந்தார். அவற்றில் ஐந்தைப் பிடித்தவர் பாப் ஷா. ஒரு மனிதனை ஓர் ஆட்டத்தை வைத்து எடைபோடக் கூடாது என்பதற்கு ஹார்டி போதும். ஒரு லீக்கை எப்படிப் போடுவது?

ஜனவரி 19

பால்டிமோரைச் சேர்த்துக்கொண்டு பஃபலோவை ஏன் விட்டார்கள்? பஃபலோ பில்ஸ் 1949இல் 5 வெற்றி, 5 தோல்வி, 2 சமன் என்று பால்டிமோரைவிட எல்லா வகையிலும் மேலான அணி. அந்த நகரத்து ரசிகர்கள் முன்கூட்டியே சீட்டு வாங்க உறுதி கொடுத்து, லீக்கில் சேர்க்கும்படி மன்றாடியும் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. பால்டிமோர் உள்ளே வந்ததால் மொத்தம் 13 அணிகள் என்ற ஒற்றைப்படைச் சிக்கல் முளைத்தது. அதற்குத் தீர்வாகக் கோல்ட்ஸ் மட்டும் மற்ற 12 அணிகளுடனும் ஆளுக்கொரு ஆட்டம் ஆடும் ஊர்சுற்றி அணியானது. அவர்களுடைய ஒரே வெற்றி கிரீன் பே பேக்கர்ஸுக்கு எதிராக வந்தது. பருவம் முடிந்ததும் உரிமையாளர் அணியை லீக்கிடமே ஒப்படைத்துவிட்டார். 1951 ஜனவரியில் அந்தக் கோல்ட்ஸ் மறைந்தது. பின்னாளில் 1958 இறுதி ஆட்டத்தில் ஜயண்ட்ஸை வென்று புகழ்பெற்ற பால்டிமோர் கோல்ட்ஸ் வேறு அணி. 1953இல் புதிதாகத் தொடங்கியது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பஃபலோ முற்றிலும் வெறுங்கையோடு போகவில்லை. அதன் உரிமையாளருக்குப் பிரவுன்ஸில் பங்கு கொடுக்கப்பட்டது, பதிலுக்கு மூன்று பஃபலோ ஆட்டக்காரர்கள் கிளீவ்லாந்துக்கு வந்தார்கள்: ஏப் கிப்ரன், ஜான் கிஸ்ஸல், ரெக்ஸ் பம்கார்ட்னர். கடைசிப் பெயரை மறந்துவிடாதீர்கள். டிசம்பர் 24 அன்று தேவைப்படும்.

ஜனவரி 22

டிசம்பர் 17க்கு வருவோம். பிரவுன்ஸும் ஜயண்ட்ஸும் 10–2 என்று சமமாக நின்றதால், லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் பிரிவில் முதலிடத்துக்கு ஒரு கூடுதல் ஆட்டம். மற்றதான நேஷனல் பிரிவில் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸும் சிகாகோ பேர்ஸும் 9–3 என்று நின்றதால் அங்கேயும் ஒன்று. ராம்ஸ் 24–14 என்று எளிதாகக் கடந்தது. டாம் ஃபியர்ஸ் மூன்று டச்டவுன் பிடித்தார். கிளீவ்லாந்தில் நிலைமை வேறு. தரை உறைந்திருந்தது, ஏரிக்காற்று வீசியது.

இந்த ஏரிக்காற்றைப் பற்றி எனக்குச் சொல்ல உரிமை உண்டு. வடகிழக்கு ஓஹாயோவில் குடியேறிய பிறகு, டிசம்பரில் ஒரு மாலையில் அந்த மைதானத்தின் பக்கம் ஏரிக்கரையோரமாக நடந்து பார்த்திருக்கிறேன். பழைய முனிசிபல் ஸ்டேடியத்தை இடித்துவிட்டார்கள், ஆனால் புதியதை அதே இடத்தில்தான் கட்டினார்கள், ஆகவே காற்று பழைய காற்றேதான். கையுறையைக் கழற்றிச் செல்பேசியில் ஒரு செய்தி அனுப்ப முயன்றேன். விரல் எங்கே தொடுகிறது என்றே தெரியவில்லை, இரண்டு சொல்லில் கைவிட்டேன். அந்தக் குளிரில் தோல்பந்தை விரல் நுனியால் சுழற்றி எறிவது எப்படி இருக்கும் என்று அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை. அன்றைய ஆட்டம் 8–3 என்று முடிந்தது ஏன் என்று இப்போது யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

பிரவுன்ஸின் லூ குரோசா முதலில் 11 யார்டு தூரத்திலிருந்து ஒரு ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) உதைத்தார். ஜயண்ட்ஸ் நான்காம் பகுதியில்தான் சமன் செய்தது. முடியும் தறுவாயில் குரோசா 28 யார்டிலிருந்து இன்னொன்று. கடைசியில் ஒரு சேஃப்டிக்கு, அதாவது எதிரணியின் ஆளை அதன் சொந்தக் கோல் பகுதியிலேயே வீழ்த்தியதற்கு, இரண்டு புள்ளி. ஆனால் ஆட்டத்தைக் காப்பாற்றியது உதைப்பவரின் கால் அல்ல, துரத்தியவரின் கால். ஜயண்ட்ஸின் ஜீன் ராபர்ட்ஸ் பந்துடன் திறந்த வெளியில் ஓட, அவரைப் பின்னாலிருந்து துரத்திக் கோல் கோட்டுக்குச் சில யார்டு முன்னால் வீழ்த்தியவர் பில் வில்லிஸ். முன்வரிசையின் நடுவில் நின்று எதிராளியை மோத வேண்டிய ஆள் அவர்! அந்த இடத்தில் நிற்பவர்கள் ஓட்டக்காரரைத் துரத்திப் பிடிப்பதென்பது நடக்காத காரியம். கிடைக்கிற துண்டுப் படச்சுருளில் அதை நான் பின்னோக்கி ஓட்டி ஓட்டிப் பார்ப்பேன். இருவருக்கும் இடையிலான தூரம் ஓட ஓடக் குறைகிறது, ராபர்ட்ஸ் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

ஜனவரி 23

வில்லிஸைப் பற்றிக் கேட்டவருக்குக் கொஞ்சம் விரிவாக. 1946இல் கறுப்பினத்தவரைச் சேர்க்காத தொழில்முறைக் கால்பந்தின் நிறத்தடை உடைந்தபோது நால்வர் உள்ளே வந்தார்கள்: ராம்ஸில் கென்னி வாஷிங்டனும் வூடி ஸ்ட்ரோடும், பிரவுன்ஸில் வில்லிஸும் மாட்லியும். அந்த ஆண்டு டிசம்பரில் மயாமி சீஹாக்ஸுடன் ஆடப் பிரவுன்ஸ் ஃபுளோரிடாவுக்குப் போனபோது, அங்கே இருந்த இனப் பாகுபாட்டுச் சூழலாலும் மிரட்டலாலும் வில்லிஸும் மாட்லியும் ஊரிலேயே தங்க வேண்டியிருந்தது. அந்த மயாமி அணிதான் அடுத்த ஆண்டு பால்டிமோருக்கு இடம்பெயர்ந்து கோல்ட்ஸ் ஆனது. 1950இல் கோல்ட்ஸ் மூழ்கும்போது மாட்லி 810 யார்டு ஓடி லீக்கின் முதல் ஓட்டக்காரராக நின்றார். அக்டோபர் 29 அன்று பிட்ஸ்பர்குக்கு எதிராக 11 ஓட்டத்தில் 188 யார்டு.

மாட்லி கான்டன் நகரத்துப் பையன். பக்கத்து ஊரான மாசிலன் பள்ளி அணிக்குப் பயிற்சியாளர் பால் பிரவுன். பரம வைரிகளான இரண்டு ஊர்கள். எதிரணியில் நின்று மாட்லி எப்படி மோதுவார் என்பதைப் பிரவுன் பல ஆண்டுகளுக்கு முன்பே, பள்ளி மைதானத்திலேயே பார்த்து வைத்திருந்தார். கான்டனில் உள்ள கால்பந்துப் புகழ்மண்டபத்துக்கு நான் போனபோது மாட்லியின் சிலைக்கு முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். ஓடுவதில் மட்டுமல்ல, கிரகாமைத் தாக்க வருகிறவர்களைத் தடுத்து நிறுத்துவதிலும் அவருக்கு இணையில்லை. புள்ளிவிவர அட்டவணையில் இதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

ஜனவரி 24

ஒரு வரி: ராம்ஸ் அந்தப் பருவத்தின் 12 ஆட்டங்களில் எடுத்தது 466 புள்ளி. ஆட்டத்துக்குச் சராசரி 38.8. அந்தச் சராசரியை இன்றுவரை யாரும் எட்டவில்லை.

ஜனவரி 25

"ஒரு வரி போதாது" என்றால் சரி. அக்டோபர் 22 அன்று கோல்ட்ஸை 70–27, அடுத்த வாரம் டெட்ராய்ட் லயன்ஸை 65–24. இரண்டாவதில் மூன்றாம் பகுதியில் மட்டும் 41 புள்ளி. பாப் வாட்டர்ஃபீல்டும் நார்ம் வான் பிராக்ளினும் குவார்ட்டர்பேக் வேலையைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். ஃபியர்ஸ் 84 பந்து பிடித்தார். டிசம்பர் 3 அன்று ஒரே ஆட்டத்தில் 18. அவருடன் ஓடிய எல்ராய் ஹிர்ஷ் எங்கிருந்து வந்தவர்? ஏ.ஏ.எஃப்.சி.யின் சிகாகோ ராக்கெட்ஸிலிருந்து. என் கலவைக் கணக்கில் இன்னொரு பெயரைச் சேர்த்துக்கொள்கிறேன்.

ராம்ஸின் அந்தப் பருவத்துக்கு மைதானத்தில் தெரியாத ஒரு முகமும் உண்டு. சொந்த ஊர் ஆட்டங்களையும் தொலைக்காட்சியில் காட்ட அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். விளம்பரதாரர், தொலைக்காட்சிப் பெட்டி தயாரித்த அட்மிரல் நிறுவனம். வரலாற்றிலேயே அதிகப் புள்ளி குவித்த அணியின் ஆட்டத்தைப் பார்க்க மைதானத்துக்கு வந்தவர்கள் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஒப்பந்தப்படி இழப்பை விளம்பரதாரர் ஈடுசெய்தார். 1951இல் உள்ளூர் ஒளிபரப்பை நிறுத்தினார்கள். கூட்டம் திரும்பி வந்தது. உள்ளூரில் ஆட்டத்தைக் காட்டக் கூடாது என்ற கொள்கையைப் பெர்ட் பெல் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டதற்கு இந்த அனுபவம் பெரிய காரணம். செப்டம்பர் 16ஆம் தேதி இரவைவிட இந்தச் சோதனைதான் லீக்கின் பிற்காலத்தை அதிகம் மாற்றியது என்று யாராவது வாதிட்டால் நான் எதிர்க்க மாட்டேன்.

ஜனவரி 28, இரவு

டிசம்பர் 24. கிளீவ்லாந்து. பிரவுன்ஸும் ராம்ஸும் மோதிய என்.எஃப்.எல். இறுதி ஆட்டம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், கடும் குளிர், பிரம்மாண்டமான மைதானத்தில் 29,751 பேர். ராம்ஸுக்கு இது பழைய வீடு. 1945இல் இதே ஊரின் அணியாக இருந்து, வாஷிங்டன் அணியை 15–14 என்று வென்று பட்டம் எடுத்த கையோடு, உரிமையாளர் டான் ரீவ்ஸ் அணியைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். அவர்கள் விட்டுப்போன இடத்தில்தான் பிரவுன்ஸ் முளைத்தது.

ராம்ஸின் முதல் நகர்விலேயே வாட்டர்ஃபீல்டு எறிய, கிளென் டேவிஸ் பிடித்து ஓடி 82 யார்டு டச்டவுன். பிரவுன்ஸ் பதில் கொடுத்தது. ராம்ஸ் மீண்டும் முந்தியது. பிரவுன்ஸ் மீண்டும் எட்டியது. ஆனால் இரண்டாவது டச்டவுனுக்குப் பிறகு, கூடுதல் புள்ளிக்காக உதைக்க வேண்டிய பந்து சரியாக வந்து சேரவில்லை. பந்தைப் பிடித்து நிறுத்த வேண்டிய டாமி ஜேம்ஸ் வேறு வழியின்றிப் பாஸ் எறிந்து பார்த்தார், அதுவும் நழுவியது. இடைவேளையில் 14–13. அந்தப் போன ஒற்றைப் புள்ளி மாலை முழுக்கப் பிரவுன்ஸைத் துரத்தியது. ராம்ஸ் தரப்பிலும் வாட்டர்ஃபீல்டு மிக அருகிலிருந்து ஒரு ஃபீல்ட் கோலைத் தவறவிட்டிருந்தார்.

மூன்றாம் பகுதியில் மாட்லி நழுவவிட்ட பந்தை லாரி பிரிங்க் எடுத்துக்கொண்டு ஓட, 28–20 என்று ராம்ஸ் முன்னிலை. நான்காம் பகுதியில் கிரகாம் எறிந்த 14 யார்டு பாஸைப் பிடித்து டச்டவுன் போட்டவர் ரெக்ஸ் பம்கார்ட்னர், லீக்கில் இடமில்லை என்று வாசலில் நிறுத்தப்பட்ட பஃபலோவின் ஆள். 28–27. இடைவேளைக்கு முன் போன புள்ளி போகாமலிருந்தால் இப்போது சமன்.

பிறகு முன்னேறிக்கொண்டிருந்த கிரகாம் அடிபட்டுப் பந்தை இழந்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்துத் தலைகுனிந்து வெளியே வந்தவரைப் பால் பிரவுன் திட்டவில்லை, தேற்றினார் என்று கிரகாமே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ராம்ஸால் கடிகாரத்தைத் தீர்க்க முடியவில்லை. இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது பந்து மறுபடி பிரவுன்ஸிடம் வந்தது. கிரகாம் ஒரு முறை தானே ஓடினார், பிறகு ஓரங்களில் குறுகிய பாஸ்களாக எறிந்து எதிரணியின் கோல் அருகே வந்து சேர்ந்தார். அங்கே அவர் செய்த வேலைதான் எனக்குப் பிடித்தது: டச்டவுனுக்கு ஆசைப்படாமல், உதைப்பதற்கு வசதியாகப் பந்தை மைதானத்தின் நடுவுக்குக் கொண்டுவர ஒரு சின்ன ஓட்டம். 28 விநாடி மீதமிருக்கும்போது குரோசா 16 யார்டிலிருந்து உதைத்தார். 30–28. ராம்ஸின் கடைசி நீண்ட பாஸை வாரன் லார் இடைமறித்தார்.

கிரகாம் 33 பாஸில் 22ஐச் சேர்த்து 298 யார்டு, 4 டச்டவுன். டான்டே லவெல்லி 11 பந்து பிடித்தார்.

ஜனவரி 29

"16 யார்டு உதைக்குப் போய் இவ்வளவு படபடப்பா? அதுவும் அதற்கு முன் வாரம் 11 யார்டு என்கிறீர்கள், அப்படி ஓர் உதையே சாத்தியமில்லையே" என்று எழுதியவர் இன்றைய மைதானத்தை மனத்தில் வைத்துக் கணக்குப் போடுகிறார். 1974க்கு முன் என்.எஃப்.எல்.லில் கோல் கம்பங்கள் கோல் கோட்டிலேயே நின்றன. பிறகுதான் 10 யார்டு பின்னால் நகர்த்தினார்கள். குரோசாவின் உதையை இன்றைய அளவில் 26 யார்டு என்று படித்துக்கொள்ளுங்கள். இன்றும் அது எளிய உதைதான். அது எளிதாக அமைய வேண்டும் என்பதற்காகத்தான் கிரகாம் அந்தக் கடைசி ஓட்டம் ஓடினார். குரோசா அன்று முழுநேர உதையாளரும் அல்லர். ஆட்டம் முழுக்க முன்வரிசையில் மோதி மோதி நின்றுவிட்டு, அந்தக் கால்களோடு வந்து உதைத்தவர்.

பிப்ரவரி 2

முதலில் வாதம் எழுப்பிய நண்பர் திரும்பி வந்து, "கடைசியில் பட்டம் பிரவுன்ஸுக்குத்தானே, அதாவது புதிய லீக்குக்குத்தானே" என்கிறார். பட்டம் பிரவுன்ஸுக்கு. அதை யாரும் பறிக்கவில்லை. 1950 முதல் 1955 வரை ஆண்டு தவறாமல் அவர்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தற்செயலாக வென்ற அணிக்கு அது முடியாது. நான் மறுப்பது "அதாவது" என்பதை மட்டுமே. பிரவுன்ஸின் பெருமையைப் பங்குபோட்டுக்கொள்ள, கோல்ட்ஸோ ஃபார்ட்டிநைனர்ஸோ என்ன செய்தார்கள்? ஏ.ஏ.எஃப்.சி.யில் நான்கு ஆண்டும் ஒரே அணி வென்றது அந்த லீக்கின் வலிமைக்குச் சான்று அல்ல. அதன் சமனின்மைக்குச் சான்று. முடிவு முன்பே தெரிந்த பருவங்களுக்குச் சீட்டு வாங்க ஆள் குறைந்ததில் வியப்பில்லை.

பணத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். உரிமையாளர் மிக்கி மக்பிரைடுக்குக் கிளீவ்லாந்தில் டாக்சி நிறுவனம் இருந்தது. அணியில் இடமில்லாமல் மிஞ்சிய நல்ல ஆட்டக்காரர்களை வேறு அணி கொத்திக்கொண்டு போகாமலிருக்க, டாக்சி நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் அவர்களைச் சேர்த்து வைத்துக்கொண்டார். பட்டியலில் இல்லாத உபரி ஆட்களை அமெரிக்காவில் நெடுங்காலம் டாக்சி அணி என்றே அழைத்தது இதனால்தான். இந்த வசதியும் பால் பிரவுனின் வகுப்பறையும் ஒன்றாகச் சேர்ந்த ஓர் அணியை, அது எந்த லீக்கில் இருந்தாலும், வெல்வது கடினம்.

பிப்ரவரி 3

மறு ஆண்டு என்ன ஆயிற்று என்று கேட்டவருக்கு: 1951 டிசம்பர் 23 அன்று, இம்முறை லாஸ் ஏஞ்சலிஸில், இதே இரண்டு அணிகள். ஆட்டம் 17–17 என்று இருந்தபோது வான் பிராக்ளின் எறிந்து ஃபியர்ஸ் பிடித்த 73 யார்டு டச்டவுனில் ராம்ஸ் 24–17 என்று வென்றது. பிரவுன்ஸ் இறுதி ஆட்டத்தில் தோற்றது அதுவே முதல் முறை. அதற்குத் தனியாக ஓர் இழை தொடங்குங்கள். பனி இல்லாத ஊரில் நடந்த ஆட்டம் என்பதால் எனக்கு அதில் அனுபவம் கொஞ்சம் குறைவு.